வெளிநாட்டு வழக்குகளுக்குத் துணையான சொத்து முடக்க ஆணை

சொத்து முடக்க ஆணை என்பது, ஒரு வழக்கு முடிவதற்கு முன்பே பிரதிவாதி தன் சொத்துகளை விற்றுவிடாமலும், வேறு பெயருக்கு மாற்றிவிடாமலும், நாட்டைவிட்டு வெளியே அனுப்பிவிடாமலும் இருக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் இடைக்காலத் தடையாணை ஆகும். சில நேரங்களில் வழக்கு ஒரு நாட்டில் நடக்கும். சொத்தோ பிரதிவாதியோ வேறொரு நாட்டில் இருப்பர். அந்த வேறு நாட்டின் நீதிமன்றம், மூல வழக்கைத் தான் விசாரிக்காவிட்டாலும், அங்கு நடக்கும் வழக்குக்குத் துணையாக இத்தகைய ஆணையை வழங்கலாமா என்பது பன்னாட்டுத் தனியார் சட்டத்தின் முக்கியமான கேள்விகளுள் ஒன்று. 1970களில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் இதற்கு "முடியாது" என்றன. இன்று பெரும்பாலான வணிக நாடுகள், நிபந்தனைகளுடன், "முடியும்" என்கின்றன.

ஆணையின் தேவை

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 'அ' என்ற வணிகர் 'ஆ' என்பவர்மீது தம் நாட்டு நீதிமன்றத்தில் பத்துக் கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடுக்கிறார். 'ஆ'வுக்கு அந்த நாட்டில் சொத்து எதுவும் இல்லை. அவருடைய பணம் வேறொரு நாட்டின் வங்கியில் இருக்கிறது. வழக்கு முடிய மூன்று ஆண்டுகள் ஆகலாம். வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை மூன்றாவது நாட்டுக்கு அனுப்பச் சில நிமிடங்கள் போதும். மூன்று ஆண்டுகளுக்குப் பின் 'அ' வெற்றி பெற்றாலும் அவர் கையில் கிடைப்பது தீர்ப்பு நகல் மட்டுமே.

தீர்ப்பு வெறும் காகிதமாகிவிடாமல் காப்பதே முடக்க ஆணையின் நோக்கம். ஆயினும் இந்த ஆணை பிறக்கும் நேரத்தில் 'ஆ' கடன்பட்டவர் என்று எந்த நீதிமன்றமும் முடிவு செய்திருக்காது. அவர் வழக்கில் வெல்லவும் கூடும். ஆகவே வாதியின் எதிர்காலத் தீர்ப்பைக் காப்பது, குற்றம் நிறுவப்படாத ஒருவரின் சொத்துரிமையைக் காப்பது ஆகிய இரண்டுக்கும் இடையில் சமநிலை காண்பதே இத்துறைச் சட்டம் முழுவதன் மையச் சிக்கலாகும்.

தோற்றம்: மரேவா வழக்கு

தீர்ப்புக்கு முன் பிரதிவாதியின் சொத்தில் கை வைப்பதில்லை என்பதே நீண்ட காலமாக இங்கிலாந்து நீதிமன்றங்களின் நிலைப்பாடு. 1890ஆம் ஆண்டின் லிஸ்டர் எதிர் ஸ்டப்ஸ் வழக்கு இதற்கு மேற்கோளாகக் காட்டப்பட்டுவந்தது. இந்த நிலையை 1975இல் வந்த இரண்டு கப்பல் வழக்குகள் மாற்றின. அவற்றுள் முதலாவது, ஜப்பானியக் கப்பல் நிறுவனமான நிப்பான் யூசென் கைஷா தொடுத்தது. இரண்டாவது, இந்த ஆணைக்கே பெயர் தந்த மரேவா வழக்கு.

மரேவா வழக்கில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 'மரேவா' என்ற கப்பலை அதன் உரிமையாளர்கள் ஒரு நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 3,850 அமெரிக்க டாலர் வாடகைக்கு விட்டனர். அந்த நிறுவனம் அதே கப்பலை, பிரான்சின் போர்தோ துறைமுகத்திலிருந்து இந்தியாவுக்கு உரம் கொண்டுவருவதற்காக இந்திய அரசுக்கு உள்வாடகைக்கு விட்டது. சரக்குக் கட்டணத்தின் பெரும்பகுதியான 1,74,000 பவுண்டை இந்தியத் தூதரகம் லண்டனில் உள்ள ஒரு வங்கியில் அந்த நிறுவனத்தின் கணக்கில் செலுத்தியது. நிறுவனமோ கப்பல் உரிமையாளர்களுக்கு இரண்டு தவணை வாடகை மட்டும் கொடுத்து, மூன்றாவதைக் கொடுக்காமல் நிறுத்திவிட்டது. வங்கியில் மீதமிருந்த பணம் எந்த நேரமும் வெளிநாடு சென்றுவிடலாம் என்று உரிமையாளர்கள் அஞ்சினர். டென்னிங் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1975 ஜூன் மாதம் அந்தப் பணத்தை வெளியே அனுப்பத் தடை விதித்தது.

அதுமுதல் இவ்வகை ஆணை 'மரேவா தடையாணை' எனப்பட்டது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆம் பிரிவு இதை ஏற்றுக்கொண்டது. 1999இல் நடைமுறைக்கு வந்த புதிய உரிமையியல் விதிகள் 'முடக்க ஆணை' என்ற எளிய பெயரை வழங்கின. பல நாடுகளில் இன்றும் பழைய பெயரே புழக்கத்தில் உள்ளது.

சிஸ்கினா வழக்கு: மூடப்பட்ட கதவு

மரேவா வழக்கில் வாடகைப் பாக்கி குறித்த வழக்கே லண்டனில்தான் இருந்தது. வழக்கு வேறு நாட்டுக்கு உரியதாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி இரண்டே ஆண்டுகளில் எழுந்தது.

'சிஸ்கினா' என்பது கிரேக்கர்கள் நிர்வகித்த ஒரு பனாமா நிறுவனத்தின் கப்பல். நிறுவனத்துக்கு இருந்த ஒரே சொத்தும் அதுதான். இத்தாலியிலிருந்து சவூதி அரேபியாவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற கப்பலை, தமக்கு வரவேண்டிய வாடகை முழுவதும் வரவில்லை என்று கூறி உரிமையாளர்கள் சைப்பிரசுக்குத் திருப்பினர். அங்கே சரக்கு இறக்கப்பட்டு முடக்கப்பட்டது. தம் சரக்குக்கான கட்டணத்தை முன்பே செலுத்தியிருந்தவர்கள் எந்தத் தவறும் செய்யாமலே இழப்புக்கு ஆளாயினர். பின்னர் 1976இல் அந்தக் கப்பலும் கடலில் மூழ்கியது. எஞ்சியது, லண்டன் காப்பீட்டாளர்கள் தரவேண்டியிருந்த 7,50,000 டாலர் காப்பீட்டுத் தொகை மட்டுமே.

அந்தத் தொகை லண்டனைவிட்டுப் போய்விடாமல் நிறுத்திவைக்கும்படி சரக்கு உரிமையாளர்கள் இங்கிலாந்து நீதிமன்றத்தை நாடினர். ஆனால் ஒப்பந்தப்படி வழக்கை விசாரிக்க வேண்டியது இத்தாலியின் ஜெனோவா நகர நீதிமன்றம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாக முடிவு செய்தது. 1977இல் பிரபுக்கள் அவை அதை மாற்றியது. தடையாணை என்பது ஒரு மூல வழக்கைச் சார்ந்து நிற்பது. அந்த மூல வழக்கை விசாரிக்கும் அதிகாரம் இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு இல்லையென்றால் தடையாணைக்கும் இடமில்லை என்று டிப்ளாக் பிரபு தீர்ப்பளித்தார்.

இதன் விளைவு சிக்கலானது. வழக்கு நடக்கும் ஜெனோவாவில் பணம் இல்லை. பணம் இருக்கும் லண்டனில் வழக்கு இல்லை. ஆகவே இரண்டு இடத்திலும் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொதுச் சட்ட மரபு நாடுகளில் நடந்த விவாதங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பது பற்றியவையே.

சட்டத்தின் வழி மாற்றம்

நீதிமன்றம் மூடிய கதவை இங்கிலாந்து நாடாளுமன்றம் திறந்தது. 1982ஆம் ஆண்டு உரிமையியல் அதிகார வரம்பு மற்றும் தீர்ப்புகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு, வெளிநாட்டில் நடக்கும் வழக்குகளுக்குத் துணையாக இடைக்கால நிவாரணம் வழங்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்குத் தந்தது. தொடக்கத்தில் இது பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கையில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளின் வழக்குகளுக்கு மட்டுமே பொருந்தியது. 1997 முதல் உலகின் எந்த நாட்டு வழக்குக்கும் விரிவாக்கப்பட்டது. எனினும் ஒரு கடிவாளமும் உண்டு. மூல வழக்கில் தனக்கு அதிகாரம் இல்லை என்ற நிலையில் ஆணை வழங்குவது உசிதமல்ல என்று கருதினால் நீதிமன்றம் மறுத்துவிடலாம்.

எயிட்டி அரசின் வழக்கு

இந்தப் பிரிவின் பயனைக் காட்டிய முன்னோடி வழக்கு, எயிட்டிக் குடியரசு தன் முன்னாள் அதிபர் ஜான் குளோட் துவாலியேமீதும் அவர் குடும்பத்தினர்மீதும் தொடுத்தது. 1986இல் மக்கள் எழுச்சியால் ஆட்சியை இழந்த துவாலியே பிரான்சுக்குச் சென்றார். பொதுப் பணத்திலிருந்து 12 கோடி டாலர் கையாடப்பட்டதாகக் குற்றஞ்சாட்டி, அதை மீட்க எயிட்டி அரசு பிரான்சில் வழக்குத் தொடுத்தது. குடும்பத்தின் சொத்துகள் பல நாடுகளில் பரவியிருந்தன. அவற்றைப் பற்றிய விவரங்கள் லண்டனில் இருந்த வழக்கறிஞர்களிடம் இருந்தன.

1988இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், பிரான்சில் நடந்த அந்த வழக்குக்குத் துணையாக, இங்கிலாந்துக்கு வெளியே உள்ள சொத்துகளையும் உள்ளடக்கிய உலகளாவிய முடக்க ஆணையை வழங்கியது. சொத்து விவரங்களை வெளியிடவும் உத்தரவிட்டது. இத்தகைய ஆணை அரிதாகவே வழங்கப்பட வேண்டும் என்றும், சொத்துகளை நீதிமன்றங்களின் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தும் எண்ணம் வெளிப்படையாக இருந்ததே இங்கு முடிவைத் தீர்மானித்தது என்றும் நீதிமன்றம் விளக்கியது.

நீதிமன்றம் ஆராயும் கூறுகள்

எந்த முடக்க ஆணைக்கும் பொதுவாகப் பின்வருவன நிறுவப்பட வேண்டும்:

- வாதியின் கோரிக்கையில் வாதிடத்தக்க வலுவான அடிப்படை இருக்க வேண்டும்.
- பிரதிவாதிக்குச் சொத்து இருக்க வேண்டும்.
- ஆணை இல்லாவிட்டால் அந்தச் சொத்து கரைக்கப்படும் அல்லது மறைக்கப்படும் என்ற உண்மையான ஆபத்து இருக்க வேண்டும். வெறும் சந்தேகம் போதாது, சான்று தேவை.
- ஆணை வழங்குவது நியாயமாகவும் பொருத்தமாகவும் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு வழக்குக்குத் துணையாகக் கேட்கும்போது இவற்றுடன் வேறு சில கேள்விகளும் சேர்கின்றன. மோட்டரோலா நிறுவனம் துருக்கியின் உசான் குடும்பத்தினர்மீது அமெரிக்காவில் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, 2003இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றைத் தொகுத்துக் கூறியது. மூல நீதிமன்றம் வழக்கை நடத்தும் முறையில் இந்த ஆணை குறுக்கிடுமா? அந்த நாட்டில் இத்தகைய ஆணைகளை வழங்குவதில்லை என்ற கொள்கை உள்ளதா? வெவ்வேறு நாட்டு ஆணைகள் ஒன்றோடொன்று முரண்பட்டுக் குழப்பம் விளையுமா? அதிகார வரம்பு பற்றிய மோதல் எழுமா? பிரதிவாதி கீழ்ப்படியாவிட்டால் ஆணையைச் செயல்படுத்த நீதிமன்றத்தால் முடியுமா?

கடைசிக் கேள்வி நடைமுறையில் மிக முக்கியமானது. இங்கிலாந்தில் வசிக்காத, அங்குச் சொத்தும் இல்லாத ஒருவருக்கு எதிராக லண்டனில் ஆணை பிறப்பித்தால் அது மீறப்படும்போது நீதிமன்றத்தால் எதுவும் செய்ய இயலாது. பிரதிவாதி அந்த நாட்டிலேயே வசிப்பவர் என்றால் நிலைமை வேறு. சுவிட்சர்லாந்தில் நடந்த ஒரு வழக்குக்குத் துணையாக, லண்டனில் வசித்த ஒருவர்மீது 1997இல் உலகளாவிய ஆணை நிலைநிறுத்தப்பட்டது அதனால்தான்.

இந்த விசாரணையில் வழக்கின் உண்மை யார் பக்கம் என்று நீதிமன்றம் தீர்மானிப்பதில்லை. அது மூல நீதிமன்றத்தின் வேலை.

ஆணை செயல்படும் முறை

பெரும்பாலும் எதிர்த்தரப்புக்கு அறிவிக்காமலே முதல் ஆணை பெறப்படுகிறது. முன்கூட்டியே சொன்னால் பணம் போய்விடும் என்பதே காரணம். பின்னர் ஒரு நாள் குறிக்கப்பட்டு இரு தரப்பும் கேட்கப்படும்.

முடக்க ஆணை சொத்தை வாதிக்கு உரியதாக்குவதில்லை. அதன்மீது அடமான உரிமை போன்ற எதையும் அவருக்குத் தருவதுமில்லை. "நீ இதைச் செய்யாதே" என்று பிரதிவாதியின் கையைக் கட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. பிரதிவாதி திவாலானால் வாதியும் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியவரே. குறிப்பிட்ட தொகைக்கு மேல் உள்ள சொத்து பொதுவாக முடக்கப்படுவதில்லை.

பிரதிவாதி தம் சொத்துப் பட்டியலைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஆணை பற்றிய அறிவிப்பு வங்கிக்குக் கிடைத்த நேரம் முதல், அதை மீறிப் பணம் கொடுக்க வங்கி உதவினால் வங்கியும் நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளாகும். இங்கிலாந்தில் இந்த அவமதிப்புக்கு இரண்டு ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

முடக்கப்பட்டவருக்கான பாதுகாப்பு

முடக்க ஆணையைச் சட்டத்தின் அணு ஆயுதங்களுள் ஒன்று என இங்கிலாந்து நீதிபதி டொனால்ட்சன் வருணித்தார். நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலை அது ஒரே நாளில் நிறுத்திவிடக்கூடும். ஊழியர் சம்பளம், கடன் தவணை, வணிக நம்பிக்கை எல்லாம் பாதிக்கப்படும். ஆகவே பின்வரும் பாதுகாப்புகள் ஏற்படுத்தப்பட்டுள்ளன:

- வாதி பின்னர் தோற்றால், ஆணையால் பிரதிவாதிக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்வதாக வாதி நீதிமன்றத்துக்கு உறுதிமொழி தர வேண்டும். தேவைப்பட்டால் அதற்குப் பிணையும் கட்ட வேண்டும்.
- எதிர்த்தரப்பு இல்லாத நேரத்தில் ஆணை கேட்பவர், தமக்குப் பாதகமான உண்மைகளையும் சேர்த்து முழுவதும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மறைத்தது தெரிந்தால் அந்தக் காரணத்துக்காகவே ஆணை நீக்கப்படலாம்.
- அன்றாட வாழ்க்கைச் செலவு, வழக்கறிஞர் கட்டணம், வழக்கமான தொழில் செலவு ஆகியவற்றுக்குப் பணம் எடுக்க அனுமதி உண்டு.
- ஆணையை நீக்கவோ மாற்றவோ பிரதிவாதி எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்.
- உலகளாவிய ஆணையை வேறொரு நாட்டில் செயல்படுத்த, ஆணை தந்த நீதிமன்றத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும். ஒருவரைப் பத்து நாடுகளில் ஒரே நேரத்தில் அலைக்கழிப்பதைத் தடுக்கவே இந்த விதி.

பிற நாடுகளில்

ஆங்காங்: மொனாக்கோவில் நடந்த வழக்குக்காக ஆங்காங்கில் உள்ள சொத்தை முடக்கக் கோரிய மெர்சிடிஸ் பென்ஸ் வழக்கில், சிஸ்கினா தீர்ப்பைப் பின்பற்றி 1995இல் பிரிவி கவுன்சில் மறுத்தது. நிக்கோல்ஸ் பிரபு மட்டும் மாறுபட்டு, உலகம் மாறிவிட்டது என்ற நோக்கில் தனித் தீர்ப்பு எழுதினார். பின்னர் ஆங்காங் தன் உயர்நீதிமன்றச் சட்டத்தில் புதிய பிரிவைச் சேர்த்து இக்குறையை நீக்கியது.

பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள்: உலகெங்கும் உள்ளவர்கள் நிறுவனங்களைப் பதிவு செய்யும் இடம் என்பதால் இங்கு இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. ஆங்காங்கில் நடந்த வழக்குக்குத் துணையாக முடக்கம் கோரிய பிராட் ஐடியா வழக்கில், பிரிவி கவுன்சில் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகளில் நால்வரின் பெரும்பான்மைக் கருத்தை லெகட் பிரபு எழுதினார். முடக்க ஆணையின் நோக்கம் எதிர்காலத் தீர்ப்பை நிறைவேற்ற வழிசெய்வதே. அந்தத் தீர்ப்பு உள்நாட்டில் வந்தாலும் வெளிநாட்டில் வந்தாலும் வேறுபாடில்லை என்று அவர் கூறினார். நிக்கோல்ஸ் பிரபுவின் தனித் தீர்ப்பு இவ்வாறு கால் நூற்றாண்டுக்குப் பின் ஏற்கப்பட்டது. எனினும் அந்த வழக்கில் மேல்முறையீடு தள்ளுபடியானது. அதிகாரம் இருக்கிறது என்பதாலேயே ஆணை கிடைத்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

ஆஸ்திரேலியா: சிங்கப்பூரில் நடந்த வழக்குக்குத் துணையாக, இந்தோனேசிய நிலக்கரி நிறுவனம் ஒன்று ஆஸ்திரேலியாவில் வைத்திருந்த பங்குகளை முடக்கியது செல்லும் என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. சிங்கப்பூர்த் தீர்ப்பு வந்தபின் அதை ஆஸ்திரேலியாவில் பதிவு செய்து நிறைவேற்ற முடியும் என்பது அதற்கு அடிப்படையாயிற்று.

ஐரோப்பிய ஒன்றியம்: 2014இல் இயற்றப்பட்டு 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஒழுங்குவிதி, ஓர் உறுப்பு நாட்டு நீதிமன்றத்தின் ஆணையைக் கொண்டே மற்றோர் உறுப்பு நாட்டில் உள்ள வங்கிக் கணக்கை முடக்க வழிசெய்கிறது. டென்மார்க் இதில் சேரவில்லை.

அமெரிக்கா: இங்கு நிலை மாறுபட்டது. பணக் கோரிக்கை மட்டும் உள்ள வழக்கில், தீர்ப்புக்கு முன் பிரதிவாதியின் தொடர்பற்ற சொத்துகளை முடக்கும் தடையாணையைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் வழங்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1999இல், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், கூறியது.

இந்தியாவில்

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 38ஆம் கட்டளை 5ஆம் விதி, 'தீர்ப்புக்கு முன் ஜப்தி' செய்ய வழி தருகிறது. பிரதிவாதி தீர்ப்பைத் தவிர்க்கும் நோக்கத்துடன் சொத்தை அகற்ற முயல்கிறார் என்று காட்ட வேண்டும். இது கடுமையான, அசாதாரணமான அதிகாரம் என்றும், வெறும் கடனைப் பிணையுள்ள கடனாக மாற்றிக்கொள்ளும் கருவியாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் ராமன் டெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. எனினும் இந்த விதி இந்திய நீதிமன்றத்தில் உள்ள வழக்குகளுக்கானது. இங்கிலாந்தின் 25ஆம் பிரிவைப் போல, வெளிநாட்டு நீதிமன்ற வழக்குகளுக்குத் துணைபுரியவென்றே அமைந்த பிரிவு இச்சட்டத்தில் இல்லை. 44ஏ பிரிவின்படி இங்கிலாந்து, சிங்கப்பூர் போன்ற பரிமாற்ற நாடுகளின் தீர்ப்பாணைகளை இந்தியாவில் நிறைவேற்றலாம். ஆனால் அது தீர்ப்பு வந்தபின் உள்ள வழி.

வெளிநாட்டில் நடக்கும் நடுவர் மன்ற வழக்குகளில் நிலை வேறு. 2002இல் பாட்டியா இன்டர்நேஷனல் வழக்கில், அவற்றுக்காகவும் இந்திய நீதிமன்றத்தில் இடைக்கால நிவாரணம் கேட்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2012இல் பால்கோ வழக்கில் அதன் அரசியல் சாசன அமர்வு இதை மாற்றி, முடியாது என்றது. இந்தியாவில் சொத்து வைத்திருக்கும் தரப்பினர்மீது சிங்கப்பூரிலோ லண்டனிலோ நடுவர் வழக்கு நடத்துவோர்க்கு இதனால் சிஸ்கினா நிலையே ஏற்பட்டது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சரிசெய்தது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டு வணிக நடுவர் வழக்குகளுக்கும் 9ஆம் பிரிவின்கீழ் இந்திய நீதிமன்றங்கள் இடைக்காலப் பாதுகாப்பு தரலாம்.

எதிர்த்திசையில், இந்திய வங்கிகள் வெளிநாட்டில் இந்த ஆணையைப் பயன்படுத்தியதும் உண்டு. விஜய் மல்லையாவுக்கு எதிராகப் பெங்களூர்க் கடன் மீட்புத் தீர்ப்பாயம் 2017இல் அளித்த தீர்ப்பை, 13 இந்திய வங்கிகள் லண்டனில் பதிவு செய்து உலகளாவிய முடக்க ஆணையும் பெற்றன. அதை நீக்கக் கோரிய விண்ணப்பத்தை லண்டன் உயர்நீதிமன்றம் 2018 மே மாதம் நிராகரித்தது. இங்கு தீர்ப்பு முன்பே வந்துவிட்டதால், வங்கிகளின் நிலை நிலுவையில் உள்ள வழக்கின் வாதியைவிட வலுவானதாக இருந்தது.

குற்றவியல் முடக்கத்திலிருந்து வேறுபாடு

அமலாக்கத் துறை போன்ற அரசு அமைப்புகள் குற்றத்தால் வந்த பணம் என்று கருதி முடக்குவதும், ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் தடைகளால் சொத்து முடக்கப்படுவதும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றில் அரசே நடவடிக்கை எடுக்கிறது. இங்கு விளக்கப்பட்ட ஆணையைத் தம் கோரிக்கையைக் காப்பதற்காக ஒரு தரப்பினரே கேட்டுப் பெறுகின்றனர். அது தவறாகப் பெறப்பட்டிருந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவர்களுடையதே.

தொடரும் விவாதம்

சிஸ்கினா சரக்கு உரிமையாளர்களைப் போன்றோர் இன்று பெரும்பாலான வணிக மையங்களில் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. அதே நேரத்தில், தான் வசிக்காத நாட்டில், தன்மீது வழக்கே இல்லாத ஒரு நீதிமன்றத்தில், தன்னைக் கேட்காமலே தன் கணக்கு முடக்கப்படும் ஒருவரின் குறையும் உண்மையானதே. பிராட் ஐடியா வழக்கில் மூன்று நீதிபதிகள் பெரும்பான்மையின் பரந்த கருத்தோடு சேராததும், அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளவுபட்டதும் இந்த இரு கவலைகளுக்கும் இடமிருப்பதையே காட்டுகின்றன. ஆகவே ஆணை வழங்கலாமா என்பதைவிட, எந்த உறுதிமொழியோடு, எந்த அளவுக்கு, எவ்வளவு காலத்துக்கு வழங்கலாம் என்பதே இன்று நீதிமன்றங்களில் பெரிதும் விவாதிக்கப்படுகிறது.